நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்துக் கருங்காலி

“சார், ஒரு சந்தேகம்” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது.

எனக்கு வியப்பு. என் வகுப்பில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, தூக்கம்தான் வரும்.

சுங்கை பட்டாணியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி அது. காரோட்ட உரிமம் வேண்டுகிறவர்களுக்குச் சாலை விதிகளைச் சொல்லித்தரும் ‘உண்டாங்’ வகுப்பு. சனிக்கிழமைகளில் அதை எடுப்பவன் நான். இந்தப் பத்திரிகையில் என் படத்துக்குக் கீழே ‘எழுத்தாளர்’ என்று போடுகிறார்கள். அது ஆசிரியரின் பெருந்தன்மை. சோறு போடுவது சிவப்பு விளக்கும் மஞ்சள் கோடும்தான்.

கை தூக்கிய அம்மாளுக்கு ஐம்பதைத் தொடும் வயது. தொழிற்சாலைச் சீருடைக்கு மேல் சால்வை போட்டிருந்தார்.

“ஒருத்தரு மேல காடிய ஏத்திட்டு, நிக்காமப் போயிட்டா என்ன சார் சட்டம்?”

உற்சாகமாகச் சொன்னேன். “நிற்க வேண்டும். இறங்கிப் பார்க்க வேண்டும். போலீசில் சொல்ல வேண்டும்.”

“தெரியாம ஏத்திட்டா?”

“தெரியாமல் ஏற்றினாலும் அதே சட்டம்தான்.”

அம்மாள் கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து வெளிவந்தது என் நாவல்.

“அப்ப நூத்தி நாப்பத்திரெண்டாம் பக்கத்துல எங்கப்பா மேல ஏத்திட்டுப் போயிருக்கீங்களே, அதுக்கு என்னாண்ணே செய்யப் போறீங்க?”

வகுப்பிலிருந்த இளவட்டங்கள் முதன்முறையாகக் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தன.

நாவல் எழுதிய கதை

போன வாரம் என் வழுக்கையைப் பற்றி எழுதியதற்கு வந்த ஆறுதல் கடிதங்களுக்கு நன்றி. இந்த வாரம் அதைவிடப் பெரிய இழப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஓர் அரசியல் நாவல் எழுதியிருக்கிறேன். தலைப்பில் ‘செம்’ வரும், ‘விடியல்’ வரும். முழுத் தலைப்பையும் இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சுங்கை லாலாங் பக்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது எனக்கு ஆறு வயது. ஆறு வயதுப் பையன் என்ன பார்த்திருப்பான்? லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து மூக்கைக் குடைந்திருப்பான். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நானூறு பக்கம் எழுதினேன்.

கதாநாயகன் தோழர் வீரபாண்டியன். அவருக்கு என் அப்பாவின் மீசையைக் கொடுத்தேன். வசனத்தை நான் கொடுத்தேன். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. நான் பள்ளியை முடிக்கும் முன்பே இறந்துவிட்டார். வேலைநிறுத்தத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருந்ததைத் தியாகம் என்று நான் எடுத்துக்கொண்டேன். நாவலாசிரியனுக்கு மௌனம் மிகவும் வசதியான பொருள். என்ன வேண்டுமானாலும் உள்ளே அடைக்கலாம்.

உண்மையில் அந்த நாட்களிலிருந்து என்னிடம் இருந்த சொந்த நினைவு ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டு அடுப்பில் சோறு கொதிக்கும் மணம். அதை ஒன்பதாம் பக்கத்தில் வைத்தேன். நாவலுக்கு வந்த ஒரே மதிப்புரையில் விமர்சகர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ‘பட்டினியின் நடுவே எழும் சோற்று மணம், நம்பிக்கையின் குறியீடு’ என்று எழுதினார். அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டினேன். மனைவி அதன் மேல் நாள்காட்டியை மாட்டினாள்.

கதாநாயகன் இருந்தால் துரோகி வேண்டும். துரோகி எனக்கு ஆயத்தமாகவே கிடைத்தார். தோட்டத்தில் மூன்று மாரிமுத்துகள் இருந்தார்கள். எந்நேரமும் தோளில் பாட்டுப்பெட்டியோடு திரிந்தவர் ரேடியோ மாரிமுத்து. இன்னொருவர் சைக்கிள் மாரிமுத்து. மூன்றாமவர் கருங்காலி மாரிமுத்து.

சின்ன வயதில் அது வெறும் பெயர். இருபது வயதில் தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்களைப் படிக்க ஆரம்பித்தேன். வேலைநிறுத்தத்தை உடைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவனுக்குக் ‘கருங்காலி’ என்று பெயர் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். அடடா என்று துள்ளினேன். வரலாறே என் மடியில் வந்து விழுந்ததாக நினைப்பு. நான் விசாரிக்கவில்லை. படித்தவன் எதற்கு விசாரிக்க வேண்டும்?

நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ‘கருங்காலி முத்து’ வெள்ளைக்காரத் துரையின் விஸ்கிக்கு ஆசைப்பட்டு இனத்தைக் காட்டிக்கொடுக்கிறான். அடையாளம் தெரியாமல் இருக்க, பெயரில் ‘மாரி’யை எடுத்துவிட்டிருந்தேன்.

சாப்பாட்டுக் கடையில்

“மாரிய எடுத்துட்டா எங்கப்பான்னு தெரியாதாண்ணே?” என்றார் அந்த அம்மாள், கீழே டயர் கடைக்குப் பக்கத்தில் இருந்த சாப்பாட்டுக் கடையில்.

பெயர் சரசு. கருங்காலி மாரிமுத்துவின் மகள். வேலைநிறுத்தத்தின்போது கைக்குழந்தை. அப்பாவும் மகளும் இப்போது செமிலிங்கில் ஒரு ‘தாமான்’ குடியிருப்பு வீட்டில் இருக்கிறார்கள்.

“அதெல்லாம் கற்பனைம்மா. இரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறேன் பாருங்கள்.”

“அஞ்சாம் பக்கத்துல ‘இதில் ஒரு சொல்லும் கற்பனையல்ல’ன்னு போட்டிருக்கீங்க.”

போட்டிருந்தேன். இரண்டாம் பக்கம் வக்கீல் நண்பர் சொல்லி எழுதியது. ஐந்தாம் பக்கம் ஆணவம் சொல்லி எழுதியது.

சரசு விஷயத்துக்கு வந்தார். எங்கள் தோட்டம் இப்போது இல்லை. வீடுகளும் சிமெண்டுத் தெருக்களுமாகிவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. வருடா வருடம் திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் எல்லோரும் கூடுவார்கள், நான்தான் போய் வெகுகாலமாகிறது. அதில் ஒரு வழக்கம் உண்டு. இருப்பவர்களில் வயதில் மூத்த பால்வெட்டுக்காரர்தான் முதல் பால்குடத்தைத் தூக்கி நேர்த்திக்காரர் தலையில் வைக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் பால் என்றால் ரப்பர் மரத்துப் பால். பசுவின் பாலைத்தான் ‘மாட்டுப் பால்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயுள் முழுதும் மரத்துப் பாலைச் சுமந்தவர் ஒரு நாளாவது அம்மனுடைய பாலைத் தொடட்டும் என்று எந்தப் புண்ணியவானோ ஏற்படுத்திய வழக்கம்.

இந்த வருடம் மாரிமுத்துவின் முறை. பட்டியலில் பேர் ஏறிவிட்டது. பிறகு யாரோ என் நாவலின் நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் படம்பிடித்துக் கோயில் வாட்சப் குழுவில் போட்டுவிட்டார்கள். ‘காட்டிக்கொடுத்தவன் கையால் அம்மனுக்குப் பால்குடமா?’ என்று கேள்வி. பேரை எடுத்துவிட்டார்கள்.

என் நாவலை யாரும் படிப்பதில்லை என்று நான் இந்தப் பக்கத்தில் எத்தனை முறை புலம்பியிருக்கிறேன்! கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு பக்கம், அதுவும் படமாக.

“நாளைக்குக் கமிட்டி கூட்டம். நீங்க வந்து சொல்லணும்.”

“அப்பா என்ன சொல்கிறார்?”

சரசு தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“அப்பாவுக்குப் பேரு எடுத்ததும் தெரியாது, பக்கமும் தெரியாது. கண்ணு போயிருச்சுண்ணே. நான்தான் தெனமும் ஒரு அத்தியாயம் படிச்சுக் காட்டுறேன். ‘நம்ம எஸ்டேட்டப் பத்திப் பொஸ்தகம் லா’ன்னு அவருக்கு ஒரே குஷி. ‘நான் எப்ப வருவேன், நான் எப்ப வருவேன்’னு கேட்டுக்கிட்டே இருக்காரு. பன்னெண்டாம் அத்தியாயத்துல வராரு. மூணு நாளா எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

நான் கார் சாவியை எடுத்தேன்.

நானே படித்தேன்

அன்றே போனோம். வெறுங்கையோடு போகக்கூடாதென்று தஞ்சோங் டாவாய் நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். அவதூறு வழக்கில் யாரும் நெத்திலி கொடுத்துச் சமாதானம் ஆனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மாரிமுத்து பிளாஸ்டிக் நாற்காலியில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். கைலி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. வலது கால், முழங்காலிலிருந்து பாதம் வரை, அடுப்புக்கரி போல் கறுத்து, தோல் சுருங்கிப் பளபளத்தது.

கருங்கால். தோட்டத்தில் நீளக் காற்சட்டைக்குள்ளேயே இருந்த அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். ஐம்பது வருடம் தாமதமாக.

“எழுதுனவரே வந்திருக்காருப்பா” என்றார் சரசு.

“அட! அப்ப அவரே படிக்கட்டும் லா. நீ தொண்டைக்கு வெந்நீ வச்சுக் குடி.”

சரசு புத்தகத்தை என்னிடம் நீட்டினார். பார்வையில் ஒரு கட்டளை இருந்தது: மாற்றிப் படி.

பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தேன். நான் எழுதிய எழுத்தை நானே தாண்டிக் குதித்து ஓடினேன். ‘துரோகி’ வந்த இடத்தில் ‘தோழன்’ என்றேன். விஸ்கியைக் கடுங்காப்பியாக்கினேன். துரையிடம் கைகட்டி நின்ற கருங்காலி முத்துவை மார்பு நிமிர்த்தி நிற்கவைத்தேன். மூன்று வருடம் உட்கார்ந்து எழுதியதைவிட அந்த முக்கால் மணி நேரத்தில் நன்றாகவே எழுதினேன் என்று நினைக்கிறேன்.

அத்தியாயத்தின் முடிவில் மாற்ற எதுவும் இல்லை. முத்து வெட்டிக் கொண்டுவந்த பால், பால் ஸ்டோர்த் தொட்டியில் தளும்பி நிற்கிறது. தோழர் வீரபாண்டியன் உள்ளே பாய்ந்து, ஆசிட் ஜாடியைத் தொட்டியில் கவிழ்க்கிறார். ஆசிட் பட்டால் ரப்பர் பால் தயிர்போல் உறைந்துவிடும். தொட்டி முழுக்க ஒரே கட்டி. துரை நடுங்குகிறார். வேலைநிறுத்தம் வெல்கிறது.

படித்து முடித்து வியர்வையைத் துடைத்தேன்.

“நல்லா இருக்கு தம்பி” என்றார் மாரிமுத்து. “ஆனா வாட்சப்புல வந்தது வேற மாதிரியில்ல இருந்துச்சு?”

சரசு நிமிர்ந்தார். “எந்த வாட்சப்புப்பா?”

“ரேடியோ மாரிமுத்து அந்தப் பக்கத்த வாய்ஸுல படிச்சு அனுப்பிட்டான். நல்ல ஏத்த எறக்கமா படிச்சிருந்தான். பேர எடுத்ததையும் சொன்னான். நீ தொண்ட கட்டிக்கிச்சுன்ன அன்னிக்கே கேட்டுட்டேன்.”

“அப்ப ஏம்ப்பா சொல்லல?”

“நீ எத்தன நாளைக்குக் கட்டிக்குதுன்னு பாத்தேன்.”

நான் எழுந்து, அவர் கையைப் பிடித்து, மன்னியுங்கள் என்றேன். அவர் என் மன்னிப்பைப் பூச்சியைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டார்.

“அது கெடக்குது. எனக்கு ஒண்ணு சொல்லு. அந்த ஆசிட்டக் கவுத்தவன், அவன் யாரு?”

“வீரபாண்டியன். கதாநாயகன்.”

“அவனும் நான்தான்.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

“வேலைக்குப் போனவனும் நான்தான், ஆசிட்ட ஊத்துனவனும் நான்தான். ரெண்டு பேரும் ஒரே ஆளு. என்னைய ஏன் தம்பி ரெண்டா வெட்டிப் போட்ட?”

பசி

அவர் சொன்னது சுருக்கமாக இது. வேலைநிறுத்தம் தொடங்கிப் பல நாளாகிவிட்டது. தோட்டத்துக் கடையை மூடிவிட்டார்கள். வேலைக்கு வந்தால் அரிசி, வராவிட்டால் இல்லை.

“நீங்கள் ஏன் போனீர்கள்?” என்று கேட்டேன். குறிப்பேட்டைக்கூட எடுத்துவிட்டேன், கை பழகிப்போனது.

“பசி. வேற என்னா? நீ என்னமோ நாலு பக்கத்துக்கு எழுதியிருக்க.”

நான்கரைப் பக்கம். அதில் பொறாமை, வர்க்க உணர்வின்மை, விஸ்கி எல்லாம் இருந்தன. பசி இல்லை.

ஸ்டோர் ஆட்கள் யாரும் வராததால், மாரிமுத்துவை ஆசிட் ஜாடி தூக்கச் சொன்னார் கிராணி. அதாவது தோட்டத்துக் கணக்கர். ஸ்டோர்த் தரையில் பால் சிந்தியிருந்தது. வழுக்கிற்று. ஜாடி தொட்டிக்குள் பாதி, காலில் பாதி.

“அவ்வளவுதான் தம்பி. தடுக்கி விழுந்தேன்.”

தொட்டி உறைந்தது. ஆள் தெரியாத ஒரு தோழனின் வீரம் என்று சங்கத்துக்காரர்கள் மார்தட்டினார்கள். சதி என்று துரை பயந்துபோனார். வேலை தெரியாத ஆளை ஜாடி தூக்கவைத்தது தான்தான் என்று சொல்லக் கிராணிக்குத் தைரியமில்லை. சில நாளில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் புரட்சி வழுக்கி விழுந்துதான் முன்னேறியிருக்கிறது.

சரசு கொதித்தார். “அண்ணே, கூட்டத்துல ஆசிட்டு ஊத்துனத மட்டும் சொல்லுங்க. வேலைக்குப் போனத சொல்லிடாதீங்க. அப்பாதான் கதாநாயகன்னு சொல்லிட்டுப் போங்க. முடிஞ்சது லா.”

எனக்கும் அது பிடித்திருந்தது. ஏற்கெனவே எழுதிய வீரம். ஆளை மட்டும் மாற்றினால் போதும்.

“சொன்னா முழுசா சொல்லு. இல்ல, வீட்டுல இரு” என்றார் மாரிமுத்து. “வீரன்னு சொல்லி மால போடுவானுங்க. நாளைக்கு எவனாச்சும் இன்னொரு பொஸ்தகம் எழுதுவான். மறுபடி பேர அடிப்பானுங்க. நான் சாவுற வரைக்கும் ஏறி எறங்கிட்டு இருக்கணுமா?”

“கொடம் வேணாமாப்பா உங்களுக்கு?”

“வேணும்தான். போன வருசத்துலேருந்து பாத்துட்டிருக்கேன்.”

முழங்காலுக்கு மேல் ஏறியிருந்த கைலியை இழுத்துவிட்டார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“கருங்காலின்னு காலப் பாத்து வச்ச பேரு தம்பி. வேற அர்த்தத்துல வச்சிருந்தா எல்லாருக்குமில்ல வச்சிருக்கணும்?”

“புரியவில்லை.”

“நீ படிச்ச ஆளு. ஒரு ஆளு வெட்டுற பால்ல ஸ்டோர்த் தொட்டி நெறயுமா? நீ எப்பவாச்சும் மரத்தப் பாத்துருக்கியா?”

கூட்டம்

கோயில் தகரக் கொட்டகையில் முப்பது பேர். முன்வரிசையில் அந்தக் காலத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில். தலைவர் குணா குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பிறந்தவர். மாரிமுத்து கடைசியில், மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான் முழுதாகச் சொன்னேன். நாவலில் எழுதியது என் மடத்தனம் என்றேன். ஆமோதித்துத் தலையாட்டினார்கள். அவர் வேலைக்குப் போனார் என்றேன். கொட்டகை சலசலத்தது. சரசு என்னைப் பார்க்கவில்லை. தடுக்கி விழுந்தார் என்றேன். யாரோ சிரித்தார்கள்.

“சார், சுத்தி வளைக்காம சொல்லுங்க” என்றார் குணா, கைப்பேசியோடு. “அவரு நல்லவரா, கருங்காலியா? குரூப்புல போடணும்.”

“வேலைக்குப் போனார். போனதால்தான் தொட்டி உறைந்தது.”

“அப்ப போனது உண்மதானே? அம்மன் விஷயம் சார், நாங்க பாத்துதான் செய்யணும்.”

அப்போது மாரிமுத்துவின் கேள்வியைக் கேட்டேன். எனக்கு அதைக் கேட்கும் யோக்கியதை கிடையாது, ஆனாலும் கேட்டேன்.

“அன்றைக்குத் தொட்டி நிறைய பால் இருந்தது. அதையெல்லாம் வெட்டியது யார்?”



முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவர் தகரக் கூரையில் ஓட்டை தேடினார். குணாவின் அம்மா சத்தமாக, “ஏண்டா, தண்ணி இன்னும் வரலையா?” என்றார்.

ரேடியோ மாரிமுத்து இருமினார்.

“குணா. மொதக் கொடத்த மாரிமுத்துதான் தூக்கி வைக்கணும். எழுதிக்க. அடுத்தது வாழமரம் யாரு கொண்டார்றா?”

“இருங்க மாமா, விசாரிக்காம எப்படி...”

“எழுதிக்கடா!”

முன்வரிசை முழுவதும் ஒரே குரலில் சொன்னது. வேலைநிறுத்தத்தின்போது இருந்திருக்க வேண்டிய ஒற்றுமையை அப்போதுதான் பார்த்தேன். குணா எழுதிக்கொண்டார். பேச்சு வாழைமரத்துக்குப் போனது.

வெளியே வரும்போது ரேடியோ மாரிமுத்து என் தோளைத் தொட்டார்.

“ஒங்கப்பாவும் நல்ல வெட்டுக்காரரு தம்பி. ஒரு நாள் தப்பாம மரத்துக்குப் போவாரு.”

பாராட்டாகத்தான் சொன்னார். காருக்கு வந்து சாவியைப் போட்ட பிறகுதான், கடை மூடிக் கிடந்த நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பில் கொதித்த சோற்று மணம் எனக்கு வந்தது.

பிழை திருத்தம்

திருவிழாவன்று மாரிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, இடுப்பில் துண்டு கட்டி நின்றார். முதல் பால்குடம் சரசுவுக்கு. தடவிப் பார்த்து, இரண்டு கையாலும் தூக்கி, மகள் தலையில் சரியாக நடுவில் வைத்தார். மேளம் உச்சத்தில் இருந்தும், பக்கத்தில் நின்றதால் அவர் குனிந்து சொன்னதை என்னால் கேட்க முடிந்தது:

“தரை ஈரமா இருக்கு. வழுக்கும். பாத்துப் போ.”

கட்டிலுக்கடியில் கிடந்த நாவல் பிரதிகளையெல்லாம் இந்த வாரம் வெளியே எடுத்தேன். ‘பிழை திருத்தம்’ என்று ஒரு துண்டுத்தாள் அச்சடித்து ஒவ்வொன்றிலும் ஒட்டுகிறேன். மனைவி பசை தடவித் தருகிறாள். ‘பக்கம் 142: “காட்டிக்கொடுத்தவன்” என்பதைப் “பசித்தவன்” என்று படிக்கவும். பக்கம் 150: “வீரபாண்டியன் பாய்ந்து கவிழ்த்தார்” என்பதை “மாரிமுத்து தடுக்கி விழுந்தார்” என்று படிக்கவும்.’

அதற்கு மேலே, முதல் வரியில், ‘பக்கம் 9: சோற்று மணம்’ என்று போட்டிருக்கிறேன். அதை என்னவென்று படிக்க வேண்டும் என்பதற்கு இடம் விட்டிருக்கிறேன்.

“இங்க ஒண்ணும் அச்சாகலையே?” என்றாள் மனைவி, தாளைத் திருப்பிப் பார்த்து.

“ஒட்டு” என்றேன்.